ஆறு பெண்கள், ஏழு புள்ளிகள்: ஒரு சீரியலின் ரேட்டிங் சரிந்த வாரம்

தீபாவளிக்கு ஐந்து வாரம் இருந்தது. கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பக்கம் இருக்கும் ஒரு துணிக்கடை, ஒரு தமிழ் அலைவரிசையின் இரவு 8.30 மணி சீரியலில் திங்கள் முதல் வெள்ளி வரை தினம் ஒரு விளம்பர ஸ்பாட் எடுத்திருந்தது. வாங்கிக் கொடுத்தது எங்கள் ஏஜென்சி. 25 வயதுக்கு மேற்பட்ட இந்தியப் பெண்கள் மத்தியில் முதல் வாரம் சீரியலின் ரேட்டிங் 20, அதாவது சராசரியாக நூற்றுக்கு இருபது பேர் பார்த்ததாகக் கணக்கு. இரண்டாம் வாரம் 13.

கடைக்காரர் அன்றே போன் போட்டுவிட்டார். “என்ன தம்பி, மூணுல ஒரு பங்கு ஆளு காணாமப் போச்சாமே. நான் மட்டும் முழுக் காசு கட்டணுமா?”

“அண்ணே, ஒரு வாரம் டைம் குடுங்க, பார்த்துச் சொல்றேன்.”

“ஒரு வாரத்துக்கு அஞ்சு ஸ்பாட் ஓடிடுமே, அதுக்கு யாரு பொறுப்பு?”

அவர் கேட்டது நியாயம்தான். ஒரு ஸ்பாட் 1,000 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், ரேட்டிங் 20 இருக்கும்போது ஒரு புள்ளிக்கு 50 ரிங்கிட் ஆகிறது. 13 ஆனால் அதே புள்ளி 77 ரிங்கிட். விளம்பரத் தொழிலில் பேரம் எல்லாம் இந்தப் புள்ளி விலையை வைத்துத்தான். மீதி ஸ்பாட்களை நிறுத்திவிட்டு, சனிக்கிழமை படத்துக்கு மாற்றிவிடலாம் என்பது அவர் யோசனை. மாற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டுமென்றால், அந்த ஏழு புள்ளி எங்கே போனது என்று தெரிய வேண்டும். அதைத் தேடிய கதை இது. கடை, அலைவரிசை, அளவீட்டு நிறுவனம் எதன் பெயரையும் சொல்லவில்லை. எண்களைக் கணக்கு எளிதாகப் புரியும்படி முழு எண்களாக்கியிருக்கிறேன்.

அந்த 20 எங்கிருந்து வந்தது

நாடு முழுக்க யார் என்ன பார்க்கிறார்கள் என்று எவராலும் எண்ண முடியாது. தேர்ந்தெடுத்த சில வீடுகளில் பீப்பிள் மீட்டர் என்ற சின்னப் பெட்டியை டிவியோடு இணைத்து வைக்கிறார்கள். டிவியில் எந்த அலைவரிசை ஓடுகிறது என்பதைப் பெட்டியே கண்டுபிடித்துக்கொள்ளும். பெரும்பாலும் ஒலியை வைத்துத்தான். ஆனால் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பது யார் என்று பெட்டிக்குத் தெரியாது. அதனால் வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனி ரிமோட்டில் ஒரு பட்டன். அப்பாவுக்கு 1, அம்மாவுக்கு 2, பாட்டிக்கு 5 என்று. உட்காரும்போது அழுத்த வேண்டும், எழுந்து போகும்போது மறுபடி அழுத்த வேண்டும். விருந்தாளி வந்தால் அவர் ஆணா பெண்ணா, வயது என்ன என்று போட ஒரு பட்டன். யாரும் அழுத்தவில்லை என்றால் பெட்டியில் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும்.

இரவோடு இரவாகத் தரவு அனுப்பப்படும். குளறுபடியான வீடுகளைக் களைந்துவிட்டு, மீதியை வயது, பாலினம், இனம், வட்டாரம், குடும்ப அளவு ஆகியவற்றின்படி மக்கள்தொகைக்குப் பொருத்தமாக எடை போட்டு, அதாவது ஒவ்வொருவரும் எத்தனை பேருக்குச் சமம் என்று கணக்கிட்டு, ரேட்டிங்கைத் தருகிறார்கள்.

மலேசியாவில் இலவச அலைவரிசைகள் நீல்சன் என்ற அளவீட்டு நிறுவனத்தின் கணக்கைச் சொல்கின்றன. கட்டண அலைவரிசை நிறுவனமான ஆஸ்ட்ரோ தன் ஆண்டறிக்கைகளில் காந்தார் மீடியாவின் டிடாம் என்ற கணக்கைச் சொல்கிறது. எந்தக் கணக்கானாலும் தமிழ் நிகழ்ச்சிக்கு ஒரே சிக்கல். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டுக் குடிமக்களில் இந்தியர் 6.7 விழுக்காடு. பேனலில், அதாவது மீட்டர் வைத்த வீடுகளின் தொகுப்பில், 1,000 வீடு இருப்பதாக வைத்துக்கொண்டு விகிதப்படி பிரித்தால், இந்தியர் வீடு 67தான். நாடு முழுவதற்கும் சேர்த்துப் பார்க்கும்போது அந்தப் பேனல் போதுமான அளவில் இருக்கிறது. தமிழ் சீரியலுக்கு என்று வரும்போது 67 வீட்டைத்தான் நம்பியிருக்கிறோம்.

எங்கள் அறிக்கையின் அடிக்குறிப்பில், யாரும் படிக்காத பொடி எழுத்தில், அந்த எண் இருந்தது: மாதிரி 90 பெண்கள். அப்படியானால் 20 என்பது 18 பெண்கள். 13 என்பது 12 பெண்கள். ஏழு புள்ளிச் சரிவு என்று கடைக்காரரைத் தூங்க விடாமல் செய்தது, ஆறு பெண்களின் கதை.

நாட்டில் இந்தியர்கள் சுமார் 20 லட்சம். அதில் 25 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் தோராயமாக 6 லட்சம் என்று எடுத்துக்கொண்டால், பேனலில் ஒருத்தி கிட்டத்தட்ட 6,700 பேருக்காக ரிமோட்டைப் பிடித்திருக்கிறார். அவர் குளிக்கப் போனால் 6,700 பேர் குளிக்கப் போகிறார்கள்.

முதலில் வழக்கமான பதில்

புள்ளியியல் படித்த யாரிடம் கேட்டாலும் முதலில் பிழை எல்லையைச் சொல்வார்கள். 90 பேர் மாதிரியில் 20 விழுக்காடு என்றால் திட்டப்பிழை, அதாவது மாதிரி எடுப்பதாலேயே வரும் ஏற்ற இறக்கத்தின் அளவு, 4.2 புள்ளி. 95 விழுக்காடு நம்பகத்துக்கு இரு பக்கமும் சுமார் 8 புள்ளி விட வேண்டும். அதாவது, 20 என்று அச்சானது 12க்கும் 28க்கும் நடுவில் எதுவாகவும் இருக்கலாம். 13 அதற்குள்தான் வருகிறது, ஆகவே ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம். பல ஏஜென்சிகளில் அத்தோடு முடித்துவிடுவார்கள்.

எனக்கு அந்தப் பதில் போதாது. ஒரு காரணம், அது பிழையைக் குறைத்துச் சொல்கிறது. மாமியாரும் மருமகளும் ஒரே சோபாவில் உட்கார்ந்து ஒரே சீரியலைப் பார்க்கிறார்கள். 90 பெண்கள் என்பது 90 தனித்தனித் தகவல் இல்லை, அறுபது சொச்ச வீடுகளின் தகவல். உண்மையான எல்லை எட்டைவிட அகலம்.

இன்னொரு காரணம் இதற்கு எதிர்ப்பக்கம். அந்தச் சூத்திரம் ஒவ்வொரு முறையும் புதிய ஆட்களைக் கேட்கும் கருத்துக்கணிப்புக்கு உரியது. பேனலில் போன வாரம் இருந்தவர்களே இந்த வாரமும் இருக்கிறார்கள். அதே 90 பேரில் ஆறு பேர் பார்ப்பதை நிறுத்தினார்கள் என்றால், அது நிஜமாகவே ஏதோ நடந்ததற்கான அடையாளமாக இருக்கலாம். அப்படியென்றால் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: அதே 90 பேர்தானா?

ஆள்வாரியாகப் பிரித்தபோது

அளவீட்டு நிறுவனத்திடமிருந்து ஆள்வாரித் தரவைக் கேட்டு வாங்கினோம். பெயர் இருக்காது, முகவரி இருக்காது. வீட்டுக்கு ஒரு எண், அதில் ஆளுக்கு ஒரு எண், வயது, கணக்கில் அவருக்குப் போட்ட எடை, அப்புறம் நிமிடத்துக்கு நிமிடம் எந்த அலைவரிசை. அதற்கு மேல் தெரியவும் கூடாது. 2020 அக்டோபரில் மும்பையில் வெடித்த டிஆர்பி விவகாரத்தில் போலீஸ் வைத்த குற்றச்சாட்டே அதுதான்: பேனல் வீடுகளைக் கண்டுபிடித்துப் பணம் கொடுத்து, குறிப்பிட்ட அலைவரிசைகளைப் போட்டு வைக்கச் சொன்னார்கள் என்று. இந்தியாவில் ரேட்டிங் எடுக்கும் பார்க் அமைப்பிடம் பல்லாயிரம் வீடுகள் இருந்தும் செய்தி அலைவரிசைகளின் ரேட்டிங்கை நிறுத்தி வைக்க வேண்டி வந்தது. 2022 மார்ச்சில்தான் மறுபடி வெளியிட்டார்கள். இங்கே இரண்டு வீடு கைக்குள் வந்தால் போதும், சீரியல் எங்கேயோ போய்விடும். மாதிரி சிறிதாக ஆக, கெடுக்க ஆகும் செலவும் குறைவு.

சரி, நம் ஆறு பெண்களுக்கு வருவோம். எடையை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டுத் தலைகளை மட்டும் எண்ணுகிறேன்.

இரண்டு வாரத்துக்கும் நடுவில் பேனலிலிருந்து ஐந்து பெண்கள் வெளியே போயிருந்தார்கள். இதில் மர்மம் எதுவும் இல்லை. வீடு மாறுவார்கள், சலித்துப்போய் மீட்டரை எடுத்துக்கொண்டு போங்கள் என்பார்கள், அளவீட்டாளரே சுழற்சியில் சில வீடுகளை விடுவிப்பார். வெளியே போன ஐந்து பேரில் நால்வர் ஒரே வீடு. நாலு பேரும் இந்தச் சீரியலை ஒரு நாள்கூட விட்டதில்லை. அவர்களுக்குப் பதிலாகப் புதிதாக வந்த ஐந்து பெண்களில் ஒருத்திதான் சீரியல் பார்ப்பவர். நான்கு கழித்து ஒன்று கூட்டினால் மூன்று பெண்கள் குறைவு. சரிவில் சரிபாதி இங்கேயே முடிந்துவிட்டது. நாட்டில் ஒருவர்கூடச் சீரியலை விடவில்லை, பேனல்தான் மாறியிருக்கிறது.

நான்காவது பெண் ஒரு சின்ன வீட்டில். அந்த வாரம் முழுக்க 8.30 முதல் 9 வரை அங்கே டிவி ஓடியிருக்கிறது, அதே அலைவரிசை. ஆனால் பார்ப்பவர் என்று யாருமே பதிவாகவில்லை. முந்தைய வாரம் அதே நேரத்தில் ஒரு பெண் தவறாமல் பட்டன் அழுத்தியிருந்தார். யாருமில்லாத வீட்டில் டிவி தானாகச் சீரியல் பார்த்திருக்கிறது என்று நம்புவது கஷ்டம். பட்டன் அலுத்துப்போயிருக்க வேண்டும், அல்லது ரிமோட்டில் பேட்டரி தீர்ந்திருக்க வேண்டும். இப்படி ஆளில்லாமல் ஓடும் நேரம் ஒரு வரம்பைத் தாண்டினால் அன்றைய கணக்கிலிருந்து அந்த வீட்டையே நீக்கிவிடுவார்கள். இது வரம்புக்குள் இருந்ததால் பூஜ்யமாக உள்ளே வந்துவிட்டது.

இந்த மாதிரி ஓட்டைகளைப் பொதுவாகக் களப்பணியாளர் வீட்டுக்குப் போய் அடைப்பார். அவர் போக முடியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா சாட்சி. கோவிட் காலத்தில் நீல்சன் ஆட்கள் பேனல் வீடுகளுக்குள் போக முடியவில்லை. கோளாறான மீட்டர்கள் அப்படியே கிடந்தன, பார்வையாளர் எண்ணிக்கை குறைத்துக் காட்டப்பட்டது. அங்குள்ள ஊடக அளவீட்டுத் தணிக்கை மன்றம் 2021 செப்டம்பரில் நீல்சனின் தேசியத் தொலைக்காட்சி அளவீட்டுக்கான அங்கீகாரத்தையே நிறுத்தி வைத்தது. திரும்பக் கிடைத்தது 2023இல்.

ஆக நான்கு பெண்களுக்குக் கணக்கு வந்துவிட்டது. மீதி இரண்டு. இதுதான் இந்த ஆய்வில் எனக்குப் பிடித்த பகுதி.

இரண்டு பெண்கள், உண்மையில் மூன்று

அந்த இருவரைத் தேடினால் கிடைக்கவில்லை. இரண்டு வாரமும் பேனலில் இருந்த 85 பெண்களில் ஒருவரும் சீரியலை விட்டிருக்கவில்லை. பட்டன் அழுத்தாத அந்த ஒருத்தியைத் தவிர, போன வாரம் பார்த்த எல்லோரும் இந்த வாரமும் பார்த்திருந்தார்கள். பிறகு எப்படி இரண்டு குறைந்தது?

ரேட்டிங் என்பது பார்த்தவர்களின் எண்ணிக்கை இல்லை, நிமிடங்களின் சராசரி. அரை மணி நேர நிகழ்ச்சியில் ஒருத்தி முப்பது நிமிடமும் உட்கார்ந்தால் அவர் ஒரு முழு ஆள். பத்து நிமிடம் பார்த்தால் மூன்றில் ஒரு ஆள். அட்டவணையை நிமிட வாரியாக விரித்துப் பார்த்தபோது மூன்று பெண்கள் மாட்டினார்கள். மூவரும் வெவ்வேறு வீடு. முதல் வாரம் 8.30க்கே வந்தவர்கள், இரண்டாம் வாரம் தினமும் 8.50 வாக்கில்தான் டிவி போட்டிருக்கிறார்கள். ஆளுக்கு மூன்றில் இரண்டு பங்கு இழப்பு. மூன்று பேருக்கும் சேர்த்துச் சரியாக இரண்டு பெண்கள்.

அது நவராத்திரி வாரம். செந்தூலோ பிரிக்பீல்ட்ஸோ கிள்ளானோ, எந்தக் கோயிலுக்குப் போனாலும் அந்த ஒன்பது நாளும் மாலைப் பூஜை முடிந்து, சுண்டல் வாங்கிக்கொண்டு, நாலு பேரிடம் பேசிவிட்டுக் கார் எடுப்பதற்குள் எட்டரை ஆகிவிடும். தரவில் கோயில் என்று எழுதியிருக்காது. ஆனால் பிறகு வந்த தரவில், விஜயதசமி முடிந்த மறுநாளிலிருந்து மூவரும் 8.30க்கே ஆஜர். இதைவிட வேறு என்ன சான்று வேண்டும்.

எங்கள் ஸ்பாட் ஓடியது முதல் இடைவேளையில், 8.40 வாக்கில். இரண்டாம் இடைவேளை 8.52. அதாவது, தீபாவளிப் புடவை எடுக்கப்போகிற, கோயிலில் மற்றவர்கள் கட்டியிருந்த புடவையைப் பார்த்துவிட்டு அப்போதுதான் வீட்டுக்கு வந்த மூன்று பெண்களை, நாங்கள் பன்னிரண்டு நிமிட வித்தியாசத்தில் தவறவிட்டுக்கொண்டிருந்தோம். இது ஏழு புள்ளியைவிட எனக்குப் பெரிய செய்தியாகப் பட்டது.

20தான் சந்தேகத்துக்குரிய எண்

மாறாத 85 பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் முதல் வாரம் 14 பேர், 16.5 புள்ளி. இரண்டாம் வாரம், பட்டன் அழுத்தாத பெண்ணும் பார்த்தார் என்று சேர்த்தால், 12 பேர், 14.1. நிஜச் சரிவு இரண்டு புள்ளி சொச்சம், அதுவும் தற்காலிகம்.

கவனித்தால் இன்னொன்றும் தெரியும். முதல் வாரத்து 20இல் நான்கு பெண்கள் ஒரே வீட்டிலிருந்து வந்தவர்கள். நான்கரைப் புள்ளியை ஒரு சோபா தாங்கியிருக்கிறது. அந்த வீடு போனதால் 13 குறைவாகத் தெரிந்தது என்பது ஒரு பாதி. அந்த வீடு இருந்ததால் 20 உப்பியிருந்தது என்பது மறு பாதி. அலைவரிசையின் விற்பனைப் பிரிவு எங்களுக்கு ஸ்பாட்டை விற்றது அந்த 20ஐக் காட்டித்தான். ரேட்டிங் விழுந்தால் எல்லோரும் போன் போடுகிறார்கள். ஏறினால் ஏன் ஏறியது என்று ஒருத்தரும் கேட்பதில்லை. இந்த ஊரில் நான் பார்த்த வரையில் இதுதான் வழக்கம்.

எடையைத் திரும்பச் சேர்த்தால் நிலைமை இன்னும் ஆட்டம் காணும். பேனலில் குறைவாக இருக்கும் பிரிவினருக்கு, உதாரணமாக வயதான பெண்களுக்கு, கூடுதல் எடை விழும். அந்த நால்வரில் ஒருவர் எழுபது வயதைத் தாண்டியவர். அவர் ஒருவரே ஒன்றரைப் பெண்ணுக்குச் சமமாக எண்ணப்பட்டார்.

“அப்ப வீட்டக் கூட்ட வேண்டியதுதானே?” என்றார் கடைக்காரர். கூட்டலாம். ஆனால் பிழையைப் பாதியாக்க வேண்டுமென்றால் வீடுகளை நான்கு மடங்காக்க வேண்டும். 67 வீட்டை 268 ஆக்கும் செலவை யார் தலையில் கட்டுவது என்று கேட்டால் எல்லோரும் கூரையைப் பார்ப்பார்கள்.

டெகோடர் (செட்-டாப் பாக்ஸ்) தரவு இதற்கு ஒரு மாற்று. இணையத்தில் இணைந்த டெகோடர்கள் எந்த அலைவரிசை, எந்த நேரம் என்று தாமே திருப்பி அனுப்பும். அறுபது வீடு என்பது ஆயிரக்கணக்காகும். ஆனால் டெகோடருக்குப் பட்டன் கிடையாது. வீட்டைச் சொல்லும், ஆளைச் சொல்லாது. நம் வீடுகளில் தூங்கப் போகும்போது டிவியை அணைப்போம், டெகோடரை யார் அணைக்கிறார்கள்? அது விடிய விடியச் சீரியல் பார்த்ததாகவே கணக்கு வரும். நீண்ட நேரம் ரிமோட் தொடப்படாத இடங்களை வெட்டிவிட விதி வைத்துச் சமாளிக்க வேண்டியதுதான். சந்தா கட்டாத வீடுகளும் இதில் வராது. அதனால்தான் இப்போது இரண்டையும் கலக்கிறார்கள்: டெகோடர் எத்தனை வீடு என்று சொல்லும், பேனல் அந்த வீட்டில் யார் என்று சொல்லும். அமெரிக்காவில் நீல்சனின் இப்படியான கலப்புக் கணக்குக்கு 2025 ஜனவரியில் அங்கீகாரம் கிடைத்தது. சின்னச் சமூகத்தின் அலைவரிசைகளுக்கு நியாயம் கிடைக்க வேறு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

என்ன முடிவெடுத்தோம்

சீரியலை நிறுத்தவில்லை. நவராத்திரியில் மீதமிருந்த நாட்களுக்கு ஸ்பாட்டை இரண்டாம் இடைவேளைக்குத் தள்ளச் சொன்னோம். அலைவரிசைக்குச் சிரமம் எதுவும் இல்லை, உடனே செய்து கொடுத்தார்கள்.

கடைக்காரரிடம் நான் நான்கு வாரச் சராசரியைப் பார்க்கலாம் என்றேன். இது என் கண்டுபிடிப்பு இல்லை. பார்க் அமைப்பு 2022இல் செய்தி ரேட்டிங்கை மறுபடி வெளியிட்டபோது நான்கு வாரத்தின் உருளும் சராசரியாகத்தான் கொடுத்தது. சராசரி எடுத்தால் மாதிரி பெரிதாகிவிடாது, ஆட்கள் அதே ஆட்கள்தான். ஆனால் பேட்டரி தீர்ந்த வாரமும் பூஜை வாரமும் தனியாக நின்று மிரட்டாது.

மூன்றாம் வாரம் 15, நான்காம் வாரம் 17. நான்குக்கும் சராசரி 16 சொச்சம். புள்ளிக்குச் சுமார் 62 ரிங்கிட். முதல் வாரம் நினைத்த 50 இல்லை, இரண்டாம் வாரம் பயந்த 77ம் இல்லை. இதை எடுத்துக்கொண்டு அலைவரிசையிடம் போனோம். 20க்கு விற்றது 16தான் கொடுக்கிறது என்று ஆள்வாரிக் கணக்கோடு காட்டியபோது அவர்களும் அதிகம் வாதாடவில்லை. தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் சில ஸ்பாட்களை இலவசமாகச் சேர்த்தார்கள், எல்லாம் இரண்டாம் இடைவேளையில்.

கடைக்காரருக்கு முழுத் திருப்தி இல்லை. சனிக்கிழமைப் படத்துக்கு மாறியிருந்தால் இன்னும் கூட்டம் வந்திருக்கும் என்று இன்றைக்கும் சொல்வார். அதை மறுக்க என்னிடம் தரவு கிடையாது. சனிக்கிழமைப் படத்தின் ரேட்டிங்கும் அதே 90 பெண்களை வைத்துத்தான்.

பொங்கலுக்கு அவர் மறுபடி சீரியல் ஸ்பாட் வாங்கியபோது பதிவுக் கடிதத்தில் இரண்டு வரி சேர்த்தோம். விலை நான்கு வாரச் சராசரியின் அடிப்படையில். ஒவ்வொரு வார அறிக்கையிலும் ரேட்டிங்குக்குப் பக்கத்திலேயே, அதே எழுத்து அளவில், மாதிரியின் தலை எண்ணிக்கையும் எத்தனை பேர் புதியவர்கள் என்பதும் இருக்க வேண்டும். முதல் நிபந்தனைக்கு அலைவரிசை ஒத்துக்கொண்டது. இரண்டாவதற்கு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.